காலுக்கேற்ற காலணி

குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் குடும்பத்தார் ஆசையோடு வாங்கித் தரும் பொருள்களுள் காலணியும் ஒன்று. நடந்தால் 'கீச் கீச்' என்று ஒலியெழுப்பும் காலணி, அடியெடுத்து வைத்தால் விளக்கு மின்னும் காலணி, கணுக்கால்வரை மூடிய கனமான விளையாட்டுக் காலணி எனக் கடைகளில் விதவிதமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நிறம் அழகாக இருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா, அடுத்த ஆண்டும் அணிய முடியுமா என்றெல்லாம் பெற்றோர் எண்ணிப் பார்க்கின்றனர். 'இதை அணிந்துகொண்டு குழந்தையால் நன்றாக ஓட முடியுமா?' என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

பாலர் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஓடுவதைக் கவனித்தால் இக்கேள்வியின் தேவை விளங்கும். ஒரு குழந்தை வளைவில் திரும்பும்போது தடுக்கி விழுகிறது. மற்றொரு குழந்தை கால்களைத் தரையில் தேய்த்தபடி ஓடுகிறது. இன்னொரு குழந்தை கழன்றுபோன காலணியை எடுக்கத் திரும்பி ஓடுகிறது. "இவன் கவனமே இல்லாமல் ஓடுகிறான்", "அவளுக்கு விளையாட்டு வராது" என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். சிறு வயதில் கேட்ட அச்சொற்களை நம்பி, ஓடியாடுவதையே ஒதுக்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. குறை குழந்தையிடம் இல்லாமல் அதன் காலணியில் இருக்கவும் வாய்ப்புள்ளது. காலணி குழந்தையின் ஓட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிந்தால், இத்தகைய தவறான தீர்ப்புகளைத் தவிர்க்கலாம்.

பாதத்தின் அமைப்பு

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை இணைக்கும் மூட்டுகள் 33. இவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் தசைநார்களும் பின்னிக் கிடக்கின்றன. இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து இயங்குவதால்தான் பாதம் ஒரு நேரத்தில் இளகி, மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கிறது. மறு நேரத்தில் இறுகி, உடலை முன்னே உந்தித் தள்ளும் நெம்புகோலாக மாறுகிறது.

பாதத்தின் உட்பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. வில்லைப்போல் அமைந்த இவ்வளைவு, உடலின் எடை இறங்கும்போது சற்றே தாழ்கிறது. எடை நீங்கும்போது மீண்டும் எழுகிறது. ஓடும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்கவும், அடுத்த அடிக்கு வேண்டிய விசையைச் சேமிக்கவும் இது துணைசெய்கிறது. உள்ளங்காலின் தோலில் தொடுவுணர்வை அறியும் நரம்பு முனைகளும் நிறைந்துள்ளன. தரை வழுக்குகிறதா, சாய்ந்துள்ளதா, கல் இருக்கிறதா என்னும் செய்திகளை இவை நொடிப்பொழுதில் மூளைக்கு அனுப்புகின்றன. அச்செய்திகளைக் கொண்டே மூளை உடலின் சமநிலையைக் காக்கிறது.

குழந்தையின் பாதம் பெரியவரின் பாதத்தைச் சுருக்கி வைத்தது போன்றதன்று. பிறந்த குழந்தையின் பாதத்தில் பல பகுதிகள் இன்னும் எலும்பாக மாறாமல் மென்மையான குருத்தெலும்பாகவே உள்ளன. அவை சிறிது சிறிதாக இறுகி, பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் முழுமையான எலும்புகளாகின்றன. உள்ளங்காலில் கொழுப்பு மிகுதியாக இருப்பதால் கைக்குழந்தைகளின் பாதங்கள் தட்டையாகத் தோன்றும். வளைவு, குழந்தைப் பருவத்தில் மெல்ல மெல்ல உருவாகிறது.

இம்மென்மையில் ஓர் ஆபத்தும் உண்டு. பெரியவர் ஒருவர் இறுக்கமான காலணியை அணிந்தால் சில நிமிடங்களிலேயே வலியை உணர்ந்து கழற்றிவிடுவார். குழந்தையின் பாதமோ காலணியின் வடிவத்திற்கேற்ப வளைந்துகொடுத்துவிடும். வலி தெரியாததால் குழந்தை முறையிடாது. அது சொல்லாததால் பெற்றோருக்கும் தெரியாது.

ஓடக் கற்கும் பருவம்

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதையொட்டி நடக்கத் தொடங்குகின்றன. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் ஓட முயல்கின்றன. நடப்பதற்கும் ஓடுவதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நடக்கும்போது எப்பொழுதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் ஒன்று வரும். அந்தக் கணத்தில் உடல் காற்றில் மிதக்கிறது. பிறகு ஒற்றைக் காலில் முழு எடையுடன் இறங்குகிறது.

தொடக்கத்தில் குழந்தை கால்களை அகட்டி வைத்து, கைகளை உயர்த்திப் பிடித்து, முழுப் பாதத்தையும் தரையில் 'தொப்பு தொப்பு' என்று வைத்து ஓடும். நாளடைவில் கால்கள் நெருங்கி வரும், கைகள் கீழிறங்கி, கால்களுக்கு எதிர்த்திசையில் ஒழுங்காக வீசத் தொடங்கும், அடி நீளும். பல ஆண்டுகள் விளையாடி விளையாடியே ஓட்டம் முதிர்ச்சி பெறுகிறது. அவ்வாறு பழகும் ஒவ்வோர் அடியிலும் உள்ளங்கால் தரையிலிருந்து ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. இத்தகைய பருவத்தில் பாதத்திற்கும் தரைக்கும் இடையே என்ன வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

காலணி செய்யும் மாற்றங்கள்

குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடும்போதும் காலணியுடன் ஓடும்போதும் ஏற்படும் வேறுபாடுகளை ஆய்வாளர்கள் பலர் அளந்துள்ளனர். அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு ஓர் அறிக்கையை வெளியிட்டனர். காலணி அணிந்த குழந்தைகள் நடக்கும்போது நீண்ட அடிகளை எடுத்து வைக்கின்றனர் என்றும், அவர்களின் பாதத்திற்குள் நிகழும் அசைவு குறைந்துவிடுகிறது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. ஓடும்போது காலணி அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தணிக்கிறது. அதே வேளையில், காற்றில் முன்னோக்கி வீசப்படும் காலின் வேகத்தைக் குறைக்கிறது. குதிகாலை முதலில் ஊன்றி ஓடும் முறையையும் ஊக்குவிக்கிறது. இம்மாற்றங்களுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, எடை. காலணி காலின் நுனியில் மாட்டப்பட்ட சுமையாகும். கையில் ஒரு கோலைப் பிடித்து வீசும்போது, அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டினாலும் வீசுவது கடினமாகிறது. காலும் அப்படித்தான். 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தை ஒவ்வொரு காலிலும் 200 கிராம் காலணியை அணிந்துள்ளதாக வைத்துக்கொள்வோம். அது குழந்தையின் எடையில் 75இல் ஒரு பங்கு. 60 கிலோகிராம் எடையுள்ள பெரியவருக்கு அதே விகிதத்தில் கணக்கிட்டால், ஒவ்வொரு காலிலும் 800 கிராம் கட்டியதற்கு ஒப்பாகும். அத்தகைய காலணியோடு ஓடச் சொன்னால் எந்தப் பெரியவரும் தயங்குவார்.

இரண்டாவது, குதிகாலின் அடியில் உள்ள மெத்தை. வெறுங்காலுடன் கடினமான தரையில் ஓடுபவர் குதிகாலை ஓங்கி ஊன்றினால் வலிக்கும். ஆகவே, பலர் இயல்பாகவே பாதத்தின் முன்பகுதியையோ நடுப்பகுதியையோ முதலில் ஊன்றுகின்றனர். அப்போது கணுக்காலும் கெண்டைக்கால் தசையும் சுருள்வில்லைப்போல் இயங்கி அதிர்வை உள்வாங்குகின்றன. தடித்த மெத்தையுள்ள காலணியில் குதிகாலை ஊன்றினாலும் வலி தெரிவதில்லை. உயர்ந்த குதிப்பகுதியும் முதலில் தரையைத் தொட்டுவிடுகிறது. இதனால் ஓடும் பாணியே மாறுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மேன் குழுவினர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை உலகறியச் செய்தது. கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுபவர்களை ஒப்பிட்ட அவர்கள், வெறுங்காலுடன் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுவதையும், அப்போது தரையில் மோதும் தாக்கம் குறைவாக இருப்பதையும் கண்டறிந்தனர்.

மூன்றாவது, அடிப்பாகத்தின் விறைப்பு. ஓடும்போது பாதம் கட்டைவிரலின் அடியில் வளைந்து தரையை உந்த வேண்டும். பலகைபோல் விறைத்த அடிப்பாகம் அவ்வளைவைத் தடுக்கிறது. பாதத்திற்குள் உள்ள சிறு தசைகள் செய்ய வேண்டிய வேலையைக் காலணியே செய்துவிடுவதால் அத்தசைகளுக்குப் பயிற்சி குறைகிறது.

நான்காவது, உணர்வு. தடித்த அடிப்பாகம் உள்ளங்காலுக்கும் தரைக்கும் இடையே திரைபோல் நிற்கிறது. தரை மாறியதை மூளை அறியத் தாமதமாகிறது. சமநிலையை இப்போதுதான் கற்றுவரும் குழந்தைக்கு இத்தாமதம் தடுமாற்றமாக முடியலாம்.

ஆய்வுகள் தரும் செய்தி

காலணியின் விளைவு ஒரு நாள் ஓட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. பாதத்தின் வளர்ச்சியோடும் தொடர்புடையதாகத் தோன்றுகிறது. இதனை ஆராய்ந்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடைபெற்றது. கர்நாடக மாநிலம் மணிபாலைச் சேர்ந்த மருத்துவர்களான உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 4 வயது முதல் 13 வயதுவரையிலான 2300 சிறுவர்களின் பாதச் சுவடுகளைப் பதிவுசெய்து, 1992ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணியும் சிறுவர்களிடையே தட்டைப் பாதம் 8.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. காலணி அணியாதோரிடையே அது 2.8 விழுக்காடாகவே இருந்தது. முன்பகுதி மூடிய காலணி அணிந்தோரிடம் தட்டைப் பாதம் மிகுதியாகவும், செருப்பு அணிந்தோரிடம் அதைவிடக் குறைவாகவும், வெறுங்காலுடன் திரிந்தோரிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. பாத வளைவு உருவாவதற்கு ஆறு வயதுக்கு முந்திய காலமே முக்கியமானது என்றும் அவர்கள் கருதினர். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழி பாதத்திற்கும் பொருந்தும் போலும்!

பின்னர், ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள பள்ளி மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவின் பல பகுதிகளில் பிள்ளைகள் வெறுங்காலுடன் பள்ளிக்குச் செல்வதும் விளையாடுவதும் இயல்பான வழக்கம். 6 வயது முதல் 18 வயதுவரையிலான 810 பேரின் பாதங்களை அளந்தபோது, வெறுங்காலுடன் வளர்ந்தோரின் பாத வளைவு உயர்ந்திருந்தது. அதே ஆய்வாளர்களின் மற்றோர் ஆய்வில், 6 வயது முதல் 10 வயதுவரையிலான பிள்ளைகளுள் வெறுங்காலுடன் வளர்ந்தோர் சமநிலைச் சோதனையிலும் நின்ற இடத்திலிருந்து தாண்டும் சோதனையிலும் சிறப்பாகச் செய்தனர். ஆனால், விரைவோட்டத்தில் அவர்களிடம் அத்தகைய மேம்பாடு காணப்படவில்லை.

இம்முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெறுங்காலுடன் வளரும் பிள்ளைகள் வெளியில் அதிக நேரம் விளையாடியிருக்கலாம். அவர்களின் உடல் எடையும் வாழும் சூழலும் வேறுபட்டிருக்கலாம். மேலும், தட்டைப் பாதம் என்றாலே நோய் என்று பொருளாகாது. தட்டைப் பாதமுள்ள பலர் எவ்வித வலியும் இன்றி நடக்கின்றனர், ஓடுகின்றனர்.

வெறுங்கால் மட்டும் போதுமா?

அப்படியானால், குழந்தைகளின் காலணிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் குகையொன்றில் கிடைத்த, மரப்பட்டை நாரால் பின்னிய காலணிகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழைமையானவை. ஆர்மீனியக் குகையொன்றில் கிடைத்த தோற்காலணிக்கு ஏறத்தாழ 5500 வயது. சங்க இலக்கியத்தில் காலணியைக் குறிக்கத் 'தொடுதோல்' என்னும் சொல் வழங்கியது. முள்ளும் கல்லும் குளிரும் வெயிலும் பாதத்தை வருத்தியதால்தான் மனிதன் காலணியைக் கண்டுபிடித்தான்.

நம் முன்னோரின் வாழ்க்கையும் இதற்குச் சான்று பகரும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலுடன் உழைத்த தொழிலாளர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் கொக்கிப்புழு நோய் வாட்டியது. மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் வளரும் இப்புழுவின் இளம் பருவப் புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். பின்னர்க் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த பிள்ளைகள் சோர்ந்து துவண்டனர். கழிப்பிட வசதியும் மருந்தும் காலணியும் சேர்ந்தே அத்துன்பத்தைக் குறைத்தன. அந்தத் தலைமுறையினருக்குப் பிள்ளையின் காலில் ஒரு சோடிக் காலணியைப் பார்ப்பது பெருமையாக இருந்ததில் வியப்பில்லை. இன்றும் உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த ஆணி, நண்பகல் வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை ஆகியவற்றிலிருந்து காலணியே காக்கிறது.

வெறுங்காலுடன் ஓடுவோர் அனைவரும் ஒரே மாதிரி ஓடுவதும் இல்லை. கென்யாவின் வடபகுதியில் வாழும் தாசனாச் இன மக்கள் வெறுங்காலுடன் வாழ்ந்து பழகியவர்கள். அவர்களை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தமக்கு வசதியான வேகத்தில் ஓடும்போது அவர்களுள் பெரும்பாலோர் குதிகாலையே முதலில் ஊன்றியது தெரியவந்தது. ஆக, ஓடும் வேகம், தரை, பழக்கம் ஆகியவையும் ஓட்டத்தின் பாணியைத் தீர்மானிக்கின்றன.

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவின் வெற்றிகளும் இதையே உணர்த்துகின்றன. அவர் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தோக்கியோவில் காலணி அணிந்து ஓடினார். அங்கும் தங்கம் அவருக்கே. இம்முறை 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி முடித்தார். பயிற்சி பெற்ற வலிமையான பாதம் காலணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். குழந்தைகளுக்குத் தேவைப்படுவது, பாதம் அத்தகைய வலிமையைப் பெறுவதற்கான வாய்ப்பே.

பொருந்தாத காலணியின் தொல்லை

'பிள்ளை வளர்ந்துவிடுவான், ஒரு சைஸ் பெரியதாகவே வாங்குவோம்' என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. அண்ணன் அணிந்த காலணி தம்பிக்கும், அக்காள் அணிந்தது தங்கைக்கும் போவதுண்டு. குடும்பச் செலவைச் சமாளிக்கும் பெற்றோரின் நிலையை உணர முடிகிறது. எனினும், மிகப் பெரிய காலணிக்குள் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். காலணி கழன்றுவிடாமலிருக்கக் குழந்தை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். காலைத் தூக்காமல் இழுத்து நடக்கும். நீண்டிருக்கும் நுனி தடுக்கி விழும். பிறர் அணிந்து தேய்ந்த காலணியோ முந்தியவரின் நடைக்கேற்ப ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

சிறிய காலணி இன்னும் கேடானது. ஆஸ்திரியாவில் 858 பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளியானது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம் பாதத்திற்கு நீளம் போதாத காலணிகளையே அணிந்திருந்தனர். காலணியின் நீளம் குறையக் குறையக் கட்டைவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாயும் வாய்ப்பு கூடுவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். ஓடும்போது தரையை இறுதியாக உந்தித் தள்ளுவது கட்டைவிரலே. அது சாய்ந்தால் உந்துவிசை குறையும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் அதிகம் அணிவது ரப்பர்ச் சிலிப்பர். மலாய்மொழியில் 'செலிப்பார் ஜெப்புன்' என்று அழைக்கப்படும் இது இலேசானது; மலிவானது; பாதம் எளிதாக அசையவும் இடந்தருகிறது. கடைத்தெருவுக்குச் சென்றுவர இது போதும். ஆனால், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் இதில் இல்லாததால் வேகமாக ஓடவும் சட்டென்று திரும்பவும் உதவாது. மின்படிக்கட்டில் செல்லும்போது மென்மையான ரப்பர்க் காலணிகள் இடுக்கில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. குழந்தையின் கையைப் பிடித்து, படியின் நடுவில் நிற்கச் செய்வது அவசியம்.

மலேசியப் பள்ளிகளில் வெள்ளைக் காலணிக்குப் பதிலாகக் கறுப்புக் காலணி 2019ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது. வாரந்தோறும் துவைத்து வெண்சுண்ணம் பூசும் வேலை குறையும் என்று பெற்றோர் பலர் மகிழ்ந்தனர். காலணியின் நிறத்திற்குக் காட்டிய அக்கறையை அதன் பொருத்தத்திற்கும் காட்டினால் பிள்ளைகளுக்கு மேலும் நன்மை விளையும்.

தேர்ந்தெடுக்கும் முறை

நல்ல காலணி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பின்வரும் ஐந்தையும் கவனித்தால் போதும்.

1. நீளம்: குழந்தை எழுந்து நிற்கும்போது, மிக நீண்ட விரலுக்கும் காலணியின் நுனிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்திற்கேற்பவே வாங்க வேண்டும்.

2. அகலம்: முன்பகுதியில் விரல்கள் விரிந்து அசைய இடம் இருக்க வேண்டும்.

3. வளைவு: காலணியைக் கையால் மடக்கிப் பார்க்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் அது எளிதாக வளைய வேண்டும்.

4. எடை: கையில் எடுத்தால் இலேசாக இருக்க வேண்டும். அடிப்பாகம் மெல்லியதாகவும், குதிப்பகுதி உயரமின்றியும் இருப்பது நன்று.

5. பிடிப்பு: கயிறு, வார் அல்லது ஒட்டுப்பட்டை பாதத்தைக் காலணியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

மாலை வேளையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது காலணி வாங்குவது பொருத்தமானது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பாதம் விரைந்து வளர்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். விலையுயர்ந்த ஒரு சோடியை ஈராண்டு அணிவிப்பதைவிட, எளிய விலையில் பொருத்தமான காலணியை வேண்டியபோது மாற்றுவது மேல்.

வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கம் நம்மிடையே ஏற்கனவே உள்ளது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்கிறோம்; கோயிலிலும் அவ்வாறே செய்கிறோம். தூய்மைக்காகவும் மரியாதைக்காகவும் ஏற்பட்ட இப்பழக்கம் குழந்தையின் பாதத்திற்கும் பயிற்சியாகிறது. இதனுடன், தூய்மையான புல்தரையிலோ கடற்கரை மணலிலோ பெரியவரின் கண்காணிப்பில் சிறிது நேரம் வெறுங்காலுடன் ஓட விட்டால் பாதத்தின் தசைகள் வலுப்பெறும். காலணிக்குப் பழகிய பிள்ளைகள் இதனைச் சிறிது சிறிதாகவே தொடங்க வேண்டும். நீரிழிவு நோயோ பாதத்தில் புண்ணோ உள்ள பிள்ளைகளும், நடக்கும்போது வலியை உணரும் பிள்ளைகளும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

'செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா?' என்று பெரியோர் கேட்பதுண்டு. பொருந்தாத காலணிக்குள் வளரும் பாதத்தைத் திணிப்பதும் ஏறக்குறைய அத்தகைய செயலே. அடுத்த முறை திடலில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால், கடிந்துகொள்வதற்கு முன் அதன் காலணியைக் கழற்றிப் பார்ப்போம். நுனியை விரலால் அழுத்திப் பார்ப்போம். அடிப்பாகத்தை மடக்கிப் பார்ப்போம். சரிசெய்ய வேண்டியது எது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செய்து பார்ப்போம்

வீட்டில் உள்ள தம்பி அல்லது தங்கையை ஒரு தாளின்மீது நிற்கச் செய்க. பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைக. அவ்வடிவத்தை வெட்டியெடுத்துக் காலணிக்குள் வைக்க. தாளின் ஓரங்கள் மடங்கினால் அக்காலணி சிறியதாகிவிட்டது என்பது பொருள். நீங்கள் கண்டறிந்ததை வகுப்பில் கூறுக.

சொற்பொருள்

குருத்தெலும்பு – முழுமையாக இறுகாத மென்மையான எலும்பு
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நார்
நெம்புகோல் – பளுவைத் தூக்க அல்லது தள்ள உதவும் கோல்
சோகை – இரத்தக் குறைவால் ஏற்படும் நோய்
சான்று பகர்தல் – ஆதாரமாக நின்று எடுத்துக்கூறுதல்

கருத்துணர் வினாக்கள்

1. இறுக்கமான காலணியை அணிந்த குழந்தை முறையிடாமல் இருப்பது ஏன்?

2. காலணி குழந்தையின் ஓட்டத்தில் ஏற்படுத்தும் நான்கு மாற்றங்களுக்கான காரணங்களை எழுதுக.

3. மணிபால் ஆய்வின் முடிவை மட்டும் கொண்டு 'காலணியே தட்டைப் பாதத்திற்குக் காரணம்' என்று உறுதியாகக் கூறலாமா? உமது கருத்தை விளக்குக.

4. தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் காலணி எவ்வாறு பயன்பட்டது?

5. 'ஒரு சைஸ் பெரியதாக வாங்கினால் சிக்கனம்' என்று கூறும் உறவினருக்கு நீர் எவ்வாறு பணிவுடன் விளக்கம் அளிப்பீர்?